மெத்தை மாற்றினால் போதும்

சட்டைக் காலரிலும் காதோரத்திலும் காரணம் தெரியாமல் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தால் முதலில் ஹெட்போனைப் பார்ப்பது நல்லது. காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போன்கள் பலவற்றில் முதலில் கைவிடுவது காதைச் சுற்றி அமரும் மெத்தைதான். மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது, உள்ளே இருக்கும் பஞ்சு சப்பையாகிறது, தையல் பிரிகிறது. பாட்டு என்னவோ நன்றாகத்தான் ஓடும். ஆனாலும் தலையில் மாட்ட மனம் வராமல், அதை அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு.

கடைகளில் இயர்பேட் என்றும் குஷன் என்றும் கேட்டு வாங்கப்படும் இந்த மெத்தையை மாற்றுவது பெரும்பாலான மாடல்களில் சில நிமிட வேலை. செலவும் புது ஹெட்போன் விலையில் ஒரு சிறு பங்குதான். அப்படியிருந்தும் பலர் தயங்குகிறார்கள். மாற்றியவர்களில் சிலரோ ‘பழைய ஒலி வரவில்லையே’ என்று குறைப்படுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மெத்தையை வெறும் உறையாக நினைத்துவிடுகிறோம். அது ஒலியைத் தீர்மானிக்கும் உறுப்புகளில் ஒன்று. மற்ற உறுப்புகளைவிட ஆயுள் குறைந்ததும் அதுவே. அது ஏன் உரிகிறது, உரிந்தால் ஒலிக்கு என்ன ஆகிறது, எதைக் கொண்டு மாற்றலாம், தயாரிப்பாளர்கள் அதற்கு எவ்வளவு இடம் தருகிறார்கள் என்ற கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான முடிவுக்கு வர முடியும்.

மெத்தை வந்த வழி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-இல் அந்நாட்டுக் கடற்படை சோதித்து வாங்கத் தொடங்கியது. தந்தியும் வானொலியும் கேட்கப் பயன்பட்ட அந்தக் காலக் கருவிகளில் செய்தி காதில் விழுவதுதான் முக்கியம். காதின் சுகம் இரண்டாம்பட்சம்.

1937-இல் பெர்லினில் பேயர் நிறுவனம் டி.டி. 48 என்ற ஹெட்போனை வெளியிட்டது. ஒலிபெருக்கியில் இருக்கும் அதே சுருள்-காந்த அமைப்பைச் சிறிதாக்கிக் காதுக்குக் கொண்டுவந்த முதல் ஹெட்போன் அது. அதே 1937-இல், அதே ஜெர்மனியில், லெவர்கூசன் நகரத்து ஆய்வகத்தில் ஓட்டோ பாயரின் குழு பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளைக் கண்டறிந்தது. அன்று இவ்விரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இன்று கடையில் கிடைக்கும் பெரிய ஹெட்போன்களில் பெரும்பாலானவை அந்த ஒலியமைப்பையும் அந்தப் பொருளையும் சேர்த்தே சுமக்கின்றன. மெத்தையின் உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு பாலியூரித்தேன். அதன்மேல் போர்த்திய ரெக்சினும் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி.

இசை கேட்பதற்கென்றே ஹெட்போன் வீட்டுக்குள் வந்தது 1958-இல், மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்கத் தொடங்கியபோது. மணிக்கணக்கில் மாட்டியிருக்க வேண்டிய கருவியாக அது மாறியதும் மெத்தைக்கு மதிப்பு கூடியது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414, மஞ்சள் நிற நுரைப்பஞ்சு மெத்தையாலேயே அடையாளம் காணப்பட்டது. ஒரு கோடிக்கு மேல் விற்ற அந்த மாடலில் பஞ்சைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். 1970-இல் காஸ் நிறுவனம் திரவம் நிரப்பிய மெத்தையோடு புரோ4ஏஏ மாடலைக் கொண்டுவந்தது. இன்று விலை உயர்ந்த மெத்தைகளில் இருக்கும் மெமரி ஃபோம், 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கையில் பயன்படுத்த சார்ல்ஸ் யோஸ்ட் உருவாக்கிய, மெல்ல அமுங்கி மெல்ல எழும் பஞ்சின் வழி வந்தது.

ஏன் உரிகிறது?

ரெக்சின் உரிவதற்குக் கை பட்டுத் தேய்வதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். மெத்தைத் துணியின்மேல் பூசப்படும் பாலியூரித்தேனில் எஸ்டர் வகை, ஈத்தர் வகை என இரண்டு உண்டு. எஸ்டர் வகை நல்ல வலுவும் தோல் சாயலும் கொண்டது. ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்டர் கண்ணிகளைக் காற்றின் ஈரப்பதமே அறுக்கும். அறுந்த இடத்தில் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த கண்ணி அறுவதை வேகப்படுத்தும். அதனால்தான் பல மாதங்கள் நன்றாக இருந்த மெத்தை, ஓர் இடத்தில் விரிசல் கண்டதும் சில வாரங்களில் முழுக்க உதிர்ந்துவிடுகிறது. ஈத்தர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். வெளிச்சமும் ஆக்சிஜனும் அதை எளிதில் பாதிக்கும்.

பல வருடம் பெட்டியில் வைத்திருந்த விளையாட்டு ஷூவை எடுத்து மாட்டியதும் அடிப்பாகம் பொடிப்பொடியாகப் போவதற்கும் இதே வேதிவினைதான் காரணம். அருங்காட்சியகங்களில் பாலியூரித்தேனால் ஆன நாற்காலிகளையும் பொம்மைகளையும் காப்பாற்றப் பாதுகாப்பு வல்லுநர்கள் படாத பாடு படுகிறார்கள்; குளிர்ச்சி, உலர்ந்த காற்று, இருட்டு ஆகிய மூன்றும்தான் அவர்களுடைய மருந்து. பயன்படுத்தாமல் வைத்தால் மெத்தை புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை இதனால் பொய்க்கிறது. ‘இப்போதே நாலு ஜோடி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளலாம்’ என்று திட்டமிடுகிறவர்களுக்கும், பல வருடம் கிடங்கில் கிடந்த ‘பழைய புதுச் சரக்கை’ வாங்குகிறவர்களுக்கும் இது ஓர் எச்சரிக்கை.

ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் வினை இன்னும் விரைவாகும். வியர்வையும் தோலிலிருந்து கசியும் எண்ணெயும் பூச்சுக்குள் ஊறி அதை இளக்குகின்றன. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் மெத்தைவரை இறங்கும் பழக்கமுள்ள நாடு நம்முடையது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் வருடத்தின் பெரும்பகுதி உயர்ந்தே இருக்கிறது. குளிர்ந்து உலர்ந்த நாட்டில் எழுதப்படும் மெத்தை ஆயுள் கணக்கை இங்கே அப்படியே நம்ப முடியாது.

‘புரோட்டீன் லெதர்’ என்று அட்டையில் அச்சிட்ட மெத்தைகளும் இந்த வேதியியலுக்கு விலக்கில்லை. புரதத் தூள் கலந்த பாலியூரித்தேன் பூச்சு அது. தொட்டால் தோலின் மென்மை இருக்கும், ஆட்டுத்தோல் இருக்காது. பி.வி.சி. ரெக்சினுக்கு வேறு நோய்: அதை வளையும்படி வைத்திருக்கும் சேர்மானம் மெல்ல வெளியேற, மெத்தை விறைத்து வெடிக்கும்.

மேல்தோல் உரிவது கண்ணுக்குத் தெரியும். உள்ளிருக்கும் பஞ்சு களைத்துப்போவது தெரியாது. வருடக்கணக்கில் தலைக்கும் ஹெட்போனின் காதுக் கிண்ணத்துக்கும் நடுவே நசுங்கிய பஞ்சு, ஒரு கட்டத்துக்குப் பின் பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. மேலே எந்த உரிசலும் இல்லாத வெல்வெட் மெத்தையும் இப்படிச் சப்பையாகிவிடும். பலர் கவனிக்காமல் விடும் தேய்மானம் இதுதான்.

துறை முழுக்க அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. சோனியின் எம்.டி.ஆர். 7506 என்ற ஸ்டூடியோ ஹெட்போன் 1991 முதல் விற்பனையில் இருக்கிறது. ஒலிப்பதிவாளர்களும் வானொலிக்காரர்களும் சினிமா ஒலிக்குழுவினரும் உலகம் முழுதும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒலித்தகடு, அதாவது ஒலியை எழுப்பும் டிரைவர், பல வருடம் உழைக்கும். ஆனால் மெல்லிய ரெக்சின் மெத்தை உரிந்து காதில் கறுப்பாக ஒட்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் குறைக்காக யாரும் ஹெட்போனைக் கைவிடவில்லை. மெத்தையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

ஒலிக்கு என்ன ஆகிறது?

மூடிய வகை ஹெட்போனில் ஒலித்தகடு, மெத்தை, காது மூன்றும் சேர்ந்து ஒரு சிறு காற்றறையை உண்டாக்குகின்றன. தகடு முன்னும் பின்னும் அசையும்போது அந்த அறையின் காற்றழுத்தம் கூடிக் குறைவதைத்தான் காது பாஸ் ஒலியாக உணர்கிறது. மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே சிறு இடைவெளி விழுந்தாலும் காற்று அதன் வழியே தப்பிவிடும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்ப் எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாத நிலை அது. மிருதங்கத்தின் தொப்பியும் பாஸ் கிதாரும் மெலிந்து போகும். பாடகரின் குரலும் தாளத் தட்டும் மட்டும் முன்னே துருத்தி நிற்கும். மூக்குக்கண்ணாடியின் காது கம்பியும் அடர்ந்த முடியும் இதே கசிவை உண்டாக்கும். நல்ல மெத்தை அவற்றைச் சுற்றி வளைந்து கசிவை அடைக்கிறது. விறைத்த மெத்தையால் அது முடிவதில்லை.

உயர் ஒலிகளின் கதை வேறு. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 3.4 சென்டிமீட்டர்தான். மெத்தை அரை சென்டிமீட்டர் தாழ்ந்தால் பாஸ் அலைக்கு அது ஒரு பொருட்டில்லை. உயர் ஒலிக்கு அது பெரிய இடமாற்றம். காதுமடலும் தகடும் நெருங்க நெருங்க, எந்த ஒலி எதிரொலித்து உயரும், எது அமுங்கும் என்ற கணக்கே மாறிவிடும். 1997-இல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் எச்.டி. 600 திறந்த வகையைச் சேர்ந்தது. அதன் மெத்தை சப்பையானதும் ஒலியின் குணம் மாறுவதை நெடுநாள் பயனாளிகள் நன்கு அறிவார்கள். மாற்றம் மிக மெல்ல நடப்பதால் காதும் அதற்குப் பழகிவிடும். புது மெத்தை போட்ட அன்றுதான் எவ்வளவு இழந்திருந்தோம் என்பது தெரியும்.

இரைச்சலை அடக்கும் ஹெட்போன்களில் மெத்தைக்கு இரட்டை வேலை. 1978-இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த அமர் போஸ், விமான இரைச்சலில் இசை கேட்க முடியாமல் அந்தப் பயணத்திலேயே இந்தத் தொழில்நுட்பத்துக்கான கணக்கைப் போடத் தொடங்கினார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்டக்காரரின் மகன் அவர். அவருடைய நிறுவனம் பொதுமக்களுக்கான முதல் கொயட்கம்ஃபர்ட் ஹெட்போனை 2000-இல் வெளியிட்டது. மைக் வெளி இரைச்சலைக் கேட்டு அதற்கு நேர் எதிரான ஒலியை எழுப்பி அடக்கும் இந்த முறை, இன்ஜின் உறுமல் போன்ற தாழ் ஒலிகளில்தான் திறமாக வேலை செய்யும். பேச்சு, பாத்திரச் சத்தம் போன்ற உயர் ஒலிகளைத் தடுக்கும் பொறுப்பு பெருமளவு மெத்தையுடையது. மெத்தை கசிந்தால் உயர் ஒலியும் உள்ளே வரும்; தாழ் ஒலியை அடக்கும் எதிர் ஒலியும் வெளியே கசியும். ‘நாய்ஸ் கேன்சலிங் போய்விட்டது’ என்று சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் மெத்தையைச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. கசியும் மெத்தையோடு பஸ்ஸிலோ ரயிலிலோ பாட்டுக் கேட்கிறவர், இழந்த பாஸையும் உள்ளே வரும் இரைச்சலையும் ஈடுகட்ட சத்தத்தைக் கூட்டுவார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்ற வரம்பை வைக்கிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 6 டெசிபெல் கூட்டினால் 40 மணி நேரம் 10 மணி நேரமாகச் சுருங்கும்.

மெத்தையை அளவுகோலாக வைக்கும் துறைகள்

இசை ரசிகர்கள் விருப்பப்படி முடிவெடுக்கும் இந்த விஷயத்தில், சில தொழில்கள் கண்டிப்பான விதிகளையே வைத்திருக்கின்றன.

செவித்திறன் பரிசோதனை அவற்றில் முதன்மையானது. பல காலமாக மருத்துவமனைகளில் புழங்கும் டி.டி.எச். 39 என்ற ஹெட்போன், எம்.எக்ஸ். 41/ஏ.ஆர். என்ற குறிப்பிட்ட ரப்பர் மெத்தையோடு சேர்த்தே அளவுத்திருத்தம் செய்யப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 389-1 என்ற சர்வதேசத் தரநிலை, கேட்கும் எல்லைக்கான அடிப்படை எண்களை ஹெட்போனும் மெத்தையும் சேர்ந்த அந்த ஜோடிக்கே தருகிறது. வேறு மெத்தையை மாட்டினால் பழைய எண்கள் செல்லாது; ஒருவருடைய காது கேளாமையின் அளவே தவறாகப் பதிவாகலாம். மெத்தை ஒலியின் ஓர் உறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொழிற்சாலைகளில் அணியும் காதுக்காப்புகளிலும் அப்படியே. 3எம் நிறுவனத்தின் பெல்டர் வகைக் காப்புகளுக்கு மெத்தையும் உட்பஞ்சும் அடங்கிய மாற்றுத் தொகுப்பு தனியாக விற்கப்படுகிறது. வருடத்துக்கு இரு முறையாவது மாற்றச் சொல்கிறது அந்த நிறுவனம். விரிசல் விட்ட மெத்தையோடு காப்பை அணியும் தொழிலாளிக்கு, அட்டையில் அச்சிட்ட பாதுகாப்பு அளவு கிடைப்பதில்லை. சிறு விமானங்களின் விமானிகளும் ஹெட்செட்டின் மெத்தையைத் தேய்மானப் பொருளாகவே கருதுகிறார்கள். ஒரே ஹெட்செட்டை ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் பலர் மாட்டும் கால் சென்டர்களில் மெத்தை மாற்றம் சுகாதார நடவடிக்கையும் ஆகிறது.

எப்படி மாட்டியிருக்கிறது?

பழைய மெத்தையை இழுக்கும் முன் அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவசரத்தில் உடைவது பெரும்பாலும் மெத்தை அமரும் பிளாஸ்டிக் வளையம்தான்.

மிகப் பரவலானது உதட்டு முறை. மெத்தையின் பின்பக்கம் மெல்லிய துணி அல்லது ரெக்சின் உதடு இருக்கும்; அதைக் கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் இழுத்து மாட்டியிருப்பார்கள். சோனி 7506, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டி.டி. 770 ஆகியவை இந்த ரகம். கழற்றுவது சுலபம், மாட்டும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். ஓர் இடத்தில் உதட்டை விளிம்பின் பள்ளத்தில் செருகி, அங்கே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெத்தையை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் மீதி உதடு தானாக உள்ளே இறங்கும். பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்று கையில் இருந்தால் வேலை இன்னும் எளிது. நகத்தாலும் ஸ்க்ரூ டிரைவராலும் குத்தினால் உதடு கிழியும்.

இரண்டாவது, கிளிப் வளைய முறை. மெத்தையின் அடியில் பிளாஸ்டிக் வளையம். அதில் சிறு கொக்கிகள். சென்ஹைசர் எச்.டி. 600 வரிசையும், போஸ் கியூ.சி. 35-உம், சோனி டபிள்யூ.எச். 1000எக்ஸ்.எம். வரிசையும் இப்படி. மெத்தையின் உள்விளிம்பைப் பற்றி ஒரு பக்கமாக மெல்ல இழுத்தால் ஒவ்வொரு கொக்கியாக ‘டக் டக்’ என்று விடும். புதியதைச் சரியான இடத்தில் வைத்து, சுற்றிலும் அழுத்தினால் அதே சத்தத்தோடு உட்காரும். ஏ.கே.ஜி.யின் சில மாடல்களில் பாட்டில் மூடியைத் திருகுவது மாதிரி மெத்தையைத் திருப்பியே கழற்ற வேண்டும்.

ஆப்பிள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஏர்பாட்ஸ் மேக்ஸில் மெத்தையைக் காந்தம் பிடித்திருக்கிறது; இழுத்தால் வந்துவிடும், அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஜோடி மெத்தைக்கு ஆப்பிள் வைத்த விலை 69 டாலர். ஹெட்போன் அறிமுகமான விலை 549 டாலர். மாற்றும் வசதியில் அது முன்னணியில் நிற்கிறது, செலவில் அப்படிச் சொல்ல முடியாது.

கடினமானது கடைசி வகை: பசை. பீட்ஸ் சோலோ மாடல்களிலும் ஆடிஸி நிறுவனத்தின் எல்.சி.டி. வரிசையின் பல மாடல்களிலும் மெத்தை ஒட்டப்பட்டிருக்கிறது. ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிச் சுற்றி வர வேண்டும். சூடு அதிகமானால் ஒலித்தகட்டின் மெல்லிய படலம் பாழாகும். பழைய பசையின் மிச்சத்தை முழுதாகத் துடைக்காமல் புதியதை ஒட்டினால், கசிவு அன்றே தொடங்கிவிடும்.

எந்த முறையாக இருந்தாலும் தகட்டின் முன்னே இருக்கும் மெல்லிய துணியையும் வட்டப் பஞ்சையும் கவனிக்க வேண்டும். அவை தூசியைத் தடுப்பதோடு உயர் ஒலியையும் சற்று அடக்குகின்றன. உரிந்த துகள்களைத் தட்டும்போது அவற்றைக் கிழித்துவிட்டாலோ, பழைய மெத்தையோடு குப்பையில் போட்டுவிட்டாலோ ஒலி கூர்மையாகிவிடும். வாக்வம் கிளீனரைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. மென்மையான பிரஷ் போதும்.

எதை வாங்குவது?

கம்பெனியின் அசல் மெத்தை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பொறியாளர்கள் ஹெட்போனின் ஒலியைச் சரிசெய்தது அந்த மெத்தையை வைத்துத்தான். அசல் கிடைக்காதபோதும், அது இரண்டே வருடத்தில் உரியும் என்று தெரிந்தபோதும் வெளி நிறுவனங்களின் பக்கம் போக வேண்டியிருக்கிறது. பிரெய்ன்வேவ்ஸ், டெக்கோனி, விக்கெட் குஷன்ஸ், ஜப்பானின் யாக்ஸி போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இணையச் சந்தையிலும் பெயரில்லாத மெத்தைகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன.

மலிவான மெத்தை எல்லாமே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நான்கு விஷயங்கள் அசலோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும்: உயரம், உள்வட்டத்தின் அளவு, மேல்தோலின் தன்மை, பஞ்சின் இறுக்கம். கொழுகொழுவென்று தடித்த மெத்தை காதுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் தகட்டைத் தூரமாகத் தள்ளி, காற்றறையைப் பெரிதாக்கி, ஒலியின் சமநிலையைக் கலைக்கும். உள்வட்டம் சிறியதானால் காதுமடல் நசுங்கும். இந்த இடத்தில் வயதும் கணக்கில் வரும்: இங்கிலாந்து டாக்டர் ஜேம்ஸ் ஹீத்கோட் 1995-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரியவர்களின் காது வருடத்துக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் நீளம் கூடுகிறது. முப்பது வருடத்தில் அது அரை சென்டிமீட்டரைத் தாண்டும்.

மேல்தோலில் மூன்று பெரும் பிரிவுகள். ரெக்சின் காற்றை விடாது. பாஸ் நன்றாக நிற்கும், வெளி இரைச்சல் அடங்கும், வியர்க்கும், உரியும். வெல்வெட் காற்றை விடும்; உரியாது, வெயில் காலத்திலும் தாங்கும். ஆனால் ரெக்சினுக்கென்று வடிவமைத்த மூடிய ஹெட்போனில் அதைப் போட்டால் பாஸ் குறைந்து இரைச்சலும் உள்ளே வரும். டி.டி. 770 போன்று வெல்வெட்டை வைத்தே வடிவமைத்த மாடல்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்றாவது, உண்மையான ஆட்டுத்தோல். விலை அதிகம், ஆயுளும் அதிகம். அடைப்பு மிக நன்றாக இருக்கும். காதைத் தொடும் பக்கம் துணியும் சுற்றுப்பக்கம் ரெக்சினுமாகச் சேர்ந்த கலப்பு மெத்தைகள் நம் தட்பவெப்பத்துக்கு நல்ல சமரசம்.

இரைச்சலடக்கும் மாடல்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. சோனி டபிள்யூ.எச். 1000எக்ஸ்.எம்.4-இன் இடது கிண்ணத்துக்குள், தலையில் மாட்டியிருப்பதை அறியும் சென்சார் உண்டு. மாற்று மெத்தையின் உட்துணி அதை மறைத்தால், கழற்றிய பின்னும் பாட்டு நிற்காது. போஸின் மெத்தைகளில் இடம், வலம் பார்த்து மாட்ட வேண்டும். இரண்டு பக்க மெத்தையையும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் எல்லா மாடலுக்கும் பொதுவான விதி. ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழசுமாக இருந்தால் இடது வலது சமநிலை குலைந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாயும்.

மாற்றியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. பாஸ் நிறைந்த, நன்கு பழகிய பாடல் ஒன்றை ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்லக் காதோடு அழுத்த வேண்டும். அழுத்தும்போது பாஸ் சட்டென்று கூடினால், கையை எடுத்த நிலையில் எங்கோ கசிகிறது என்று பொருள். உதடு சரியாக உட்காரவில்லையா, கொக்கி விட்டிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். செயலியின் ஈக்வலைசரில் பாஸைக் கூட்டி ஈடுகட்டுவது தீர்வாகாது. தலையை அசைக்கும்போதெல்லாம் கசிவு மாறும், ஈக்வலைசர் மாறாது.

தயாரிப்பாளர்களின் பொறுப்பு

ஸ்டூடியோவுக்கென்று செய்யப்படும் ஹெட்போன்கள் உதிரிபாகங்களோடு வாழ்கின்றன. ஜப்பானிய ஒலிப்பதிவுக் கூடங்களில் 1989 முதல் நிலைத்திருக்கும் சோனி எம்.டி.ஆர். சி.டி.900எஸ்.டி.க்கு மெத்தை மட்டுமின்றி ஒலித்தகடு வரை தனித்தனியாக வாங்கலாம். டென்மார்க்கின் ஏ.ஐ.ஏ.ஐ.ஏ.ஐ. நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த டி.எம்.ஏ.-2, மெத்தை, தகடு, தலைப்பட்டை என்று பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றும்படி வடிவமைக்கப்பட்டது. நெதர்லாந்தின் ஃபேர்போன் 2023-இல் வெளியிட்ட ஃபேர்பட்ஸ் எக்ஸ்.எல்.-இல் மெத்தையோடு பேட்டரியையும் பயனாளியே மாற்றலாம். இதெல்லாம் சாத்தியம் என்பதற்கு இந்த மாடல்களே சாட்சி.

சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும் மாடல்களில் பல, இந்த அக்கறையைக் காட்டுவதில்லை. புது மாடல் வந்ததும் பழைய மாடலின் மெத்தை கிடைப்பது அரிதாகிறது. சட்டம் மெல்ல நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளியே கழற்றும்படி வைக்கச் சொல்கிறது. வயர்லெஸ் ஹெட்போன்களின் ஆயுளை முடித்துவைக்கும் மற்றொரு பாகத்துக்கு அது ஒரு வழி. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கும் அதில் முதலிடம் பெற்றன. மெத்தை போன்ற சிறு பாகங்களும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதைப் பெட்டியின்மேல் அச்சிடக் கட்டாயப்படுத்துவது நியாயமான முதல் படி.

உள்ளூரில் செய்யக்கூடியதும் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவதில் தலைமுறைகளின் அனுபவம் கொண்டவை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்குகிறது. மென்மையான தோலை வட்டமாக வெட்டி, பஞ்சு வைத்து, உதடு தைக்கும் கைத்திறன் இங்கே உண்டு. பரவலாக விற்கும் பத்து மாடல்களின் அளவை எடுத்து, நம் ஈரக்காற்றைத் தாங்கும் மெத்தைகளைச் செய்ய ஒரு சிறு பட்டறை முன்வந்தால் வாங்க ஆள் இருப்பார்கள்.

வாங்கிய மெத்தையை நீடிக்க வைக்கும் வழிகளும் எளியவை. கேட்டு முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் வியர்வையைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட், சானிடைசர் வேண்டாம். அவை பூச்சை உலர்த்தி விரிசலை முன்கூட்டியே வரவழைக்கும். தலையில் எண்ணெய் ஈரம் இருக்கும்போது மாட்டாமல் இருக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் விடக் கூடாது. காற்றில் ஆறிய பின்பே பெட்டியில் வைத்து, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடலாம். துணி உறை மாட்டினால் துகள் ஒட்டுவது நிற்கும். ஆனால் அதுவும் ஒலியை மாற்றும் என்பதால் புது மெத்தை வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே ஏற்றது.

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இதன் மெத்தையைக் கழற்ற முடியுமா, தனியாக விலைக்குக் கிடைக்குமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வராத மாடலைத் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே உரிந்த ஹெட்போன் வைத்திருப்பவர்கள், பேட்டரியும் ஒலித்தகடும் நன்றாக இருந்தால், அதன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு உயரம், உள்வட்டம், மேல்தோல், பஞ்சு ஆகிய நான்கையும் சரிபார்த்து ஒரு ஜோடி மெத்தை வாங்கிப் போடுங்கள். புது ஹெட்போனுக்கான பணத்தை அதன் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.